முற்றம் வைத்த வீட்டில் ஒரு கோதிக் இரவு

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் தாத்தா காலத்து வீடு இருக்கிறது, ஒரு சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, பழைய வீடே பயமுறுத்துகிற கோதிக் வகைப் பேய்ப்படம் போட்டு விருந்து வைக்கப் போகிறேன், அலங்காரத்துக்கு என்ன வாங்கலாம், எந்தப் படம் போடலாம், சாப்பிட என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது: ஒன்றும் வாங்காதீர்கள்.

நான் வாங்கிக் கெட்டவன். அரசலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் வீட்டில் முதல் தடவை இதைச் செய்தபோது பிளாஸ்டிக் எலும்புக்கூடு, ரப்பர் வவ்வால், பஞ்சைப் பிய்த்துச் செய்த சிலந்திவலை எல்லாம் பார்சலில் வரவழைத்தேன். விருந்தாளிகள் வருகிறார்களே என்று காலையில் வீடு முழுக்க ஒட்டடை அடித்தோம். மத்தியானம் ஏணி போட்டு ஏறி, அடித்த இடத்திலேயே காசு கொடுத்து வாங்கிய ஒட்டடையைக் கட்டினோம். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, ஒரு வார்த்தை பேசவில்லை. கையை எடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ராத்திரி அந்த எலும்புக்கூட்டைப் பார்த்து ஒருவரும் பயப்படவில்லை. எட்டு வயசுப் பையன் ஒருவன் அதற்கு இடுப்பில் துண்டு கட்டிவிட்டான். எல்லாரும் நிஜமாகப் பயந்தது ஒரே ஒரு தடவை. கரண்ட் போன நேரத்தில் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள்ளே, நெல் பத்தாயத்துக்குப் பின்னால், எதுவோ மெதுவாக உருண்டு வந்து நின்றது. எலி உருட்டிய தேங்காய்தான். ஆனால் அது தேங்காய் என்று தெரிவதற்கு முந்தைய அரை நிமிஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

ரத்தமும் கோரமும் வேறு வகைப் படங்களின் சரக்கு. கோதிக்கில் பேய் வருவதற்கு முன்னாலேயே வீடு பயமுறுத்தத் தொடங்கிவிடும். 1764-இல் இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' நாவலிலிருந்து இந்த வகையைக் கணக்கு வைப்பார்கள்; அடுத்த பதிப்பில் அவரே 'கோதிக் கதை' என்று அதற்குப் பெயர் போட்டுக்கொண்டார். அன்றைக்கிருந்த சாமான்கள் இன்றைக்கும் மாறவில்லை. பழைய பெரிய வீடு, திறக்கக்கூடாத அறை, முன்னோர் செய்துவிட்டுப் போன பாவம், புதிதாக உள்ளே வந்து மாட்டிக்கொள்ளும் ஒருவர், அவரை வெளியே விடாத மழை. டெல்டாவில் எந்த வீட்டில் இவை இல்லை? பாகப்பிரிவினைக்குப் பிறகு பூட்டிய அறை ஒன்று எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், எல்லார் முகமும் மாறும்.

மழைக்கும் இதில் பங்கு உண்டு. 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. 1816 ஜூனில் ஜெனிவா ஏரிக்கரை வீடொன்றில் கவிஞர் பைரன், ஷெல்லி, பின்னாளில் மேரி ஷெல்லி ஆகப்போகிற பதினெட்டு வயதுப் பெண், பைரனின் மருத்துவர் பொலிடோரி எல்லாரும் மழையில் அடைபட்டுக் கிடந்தார்கள். பொழுது போகாமல் ஜெர்மன் பேய்க்கதைகளைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் உரக்கப் படித்தார்கள். ஆளுக்கொரு கதை எழுதலாமே என்று பைரன் சொல்ல, அந்தப் பெண் எழுதியது 1818-இல் 'பிராங்கென்ஸ்டைன்' ஆக வந்தது. பொலிடோரி எழுதிய ரத்தக்காட்டேரிக் கதை 1819-இல் வந்தது. ஆகவே ஐப்பசி அடைமழையில் வையுங்கள். சித்திரையில் வைத்தால் வியர்க்கும், அவ்வளவுதான்.

நாள் பார்க்கும்போது அமாவாசை பொருத்தமாகத் தோன்றும். வேண்டாம். தர்ப்பணம், விரதம் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு வேலை இருக்கும். அவர்கள் முகம் சுளித்தால் அந்த இரவு கெட்டது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. ஐப்பசிக் கடைசி நாளில் காவிரியில் முழுகும் மாயவரம் கடைமுழுக்குக்கு முந்தின ராத்திரியும் ஒத்துவராது. விடிகாலையில் காவிரிக்குக் கிளம்புகிறவர்கள் ஒன்பது மணிக்கே விளக்கை அணைக்கச் சொல்வார்கள். விளக்கை அணைப்பது நமக்கும் நல்லதுதான், ஆனால் சத்தத்தையும் சேர்த்து அணைக்கச் சொல்வார்கள். கூப்பிடுகிறவர்களில் மாசமாக இருக்கிறவர்கள் யாரும் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அவர் மாமியாருக்கு இருக்கும்.

இனி வீடு. அலங்காரம் என்பது இங்கே சேர்ப்பது இல்லை, எடுப்பது. சாயங்காலம் ஆறரை மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து எங்கெங்கே வெளிச்சம் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஸ்டெபிலைசரின் சிவப்புப் புள்ளி, இன்வெர்ட்டரின் பச்சைப் புள்ளி, சுவிட்ச் போர்டில் மினுக்கும் காட்டி, ஜன்னல் வழியே தெருவிளக்கு. ஒவ்வொன்றையும் கறுப்பு டேப் ஒட்டியோ பழைய போர்வை போட்டோ மறைத்துவிடுங்கள். திண்ணையில் ஒரு லாந்தர். ரேழியில் எதுவும் வேண்டாம். வருகிறவர்கள் அந்த ஏழெட்டு அடி இருட்டைக் கடந்துதான் கூடத்துக்கு வரவேண்டும். படம் தொடங்குவதற்கு முன்னாலேயே அவர்கள் பாதி தயாராகியிருப்பார்கள். லாந்தருக்குள் மண்ணெண்ணெய்த் திரிக்குப் பதில் சின்ன எல்இடி பல்பு வைத்துவிடுங்கள், துணித்திரை தொங்குகிற வீட்டில் நெருப்பு எதற்கு? நாச்சியார்கோவில் குத்துவிளக்கு அழகாக இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். பேய்ப்படத்துக்கு ஏற்றினோம் என்றால் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள், நடுவில் அதை ஊதி அணைக்கவும் முடியாது.

சாம்பிராணிப் புகை போட்டால் புரொஜெக்டர் ஒளி கற்றையாகத் தெரியும், ரொம்ப அழகு. நான் போட்டபோது, "சாம்பிராணி போட்டா பேய் எப்படிடா வரும்?" என்று அப்பாயி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் போடுகிறேன், கொசுவுக்காக.

கூடத்தில் ஊஞ்சல் இருந்தால் அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. கழற்றி மாட்டிவிடாதீர்கள், சங்கிலிக்கு எண்ணெயும் போடாதீர்கள். யாரையும் அதில் உட்காரவும் விடாதீர்கள். பலகையின் ஓரத்தில் கறுப்பு நூல் ஒன்றைக் கட்டி, தூணைச் சுற்றிக் கொண்டுபோய் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் கூச்சல் வரும் இடத்தில் இழுக்கக்கூடாது. அப்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். எல்லாம் அடங்கி, திரையில் யாரோ தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு தடவை, ஒரு சாண் அளவுக்கு. கொக்கி 'கிரீச்' என்று ஒரு தரம் சொல்லும். ஒருவர் திரும்பிப் பார்ப்பார், பக்கத்து ஆளைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அதற்கு மேல் இழுக்காதீர்கள். இரண்டாவது தடவை இழுத்தால் அது நூல் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

திரைக்கு எட்டு முழ வேட்டியே போதும். இது கணக்காகவே வரும்: மூலைக்கு மூலை நூறு அங்குலத் திரை என்றால் அகலம் 87 அங்குலம், உயரம் 49 அங்குலம். வேட்டியின் அகலம் சுமார் 50 அங்குலம், நீளம் அதைவிட மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. படுக்கைவாட்டில் கட்டினால் மேலும் கீழும் கரை ஓடும், நடுவில் படம் அளவெடுத்த மாதிரி உட்காரும். மெல்லிய கறுப்புக் கரை போட்ட வேட்டியாக எடுங்கள், சட்டம் போட்டது போல இருக்கும். ஒற்றைத் துணியில் ஒளி ஊடுருவிப் போகும், அதனால் வெள்ளைச் சுவரை ஒட்டிக் கட்ட வேண்டும். நல்ல கெட்டிக் கஞ்சி போட்டு, சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்டு, கீழ்க்கரையில் மூங்கில் கழியைச் செருகித் தொங்கவிட்டால் காற்றில் ஆடாது. லேசாக ஆடினால்தான் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். நிழல் ஏறி வரும் காட்சியில் துணி ஆடியது. அவர் சொன்னது சரிதான்.

புரொஜெக்டரைத் திரையிலிருந்து ஒன்பது பத்தடி தள்ளி வைக்க வேண்டிவரும். வாடகைக்கு எடுப்பதானால் விளம்பரத்தில் போடும் ஆயிரக்கணக்கான லூமனை நம்பாமல் தர அளவுப்படி அளந்த வெளிச்சம், அதாவது ஆன்சி லூமன், எவ்வளவு என்று கேளுங்கள். முழு இருட்டில் 300 இருந்தாலே நூறு அங்குலத்துக்குப் போதும். ஓடிடி செயலிகள் பலவும் போன் திரையை அப்படியே புரொஜெக்டருக்கு அனுப்பினால் கறுப்பாக மட்டும் காட்டும். எட்டு மணிக்குக் கூட்டம் உட்கார்ந்த பிறகு இதைக் கண்டுபிடிக்காதீர்கள், முதல்நாளே ஓட்டிப் பாருங்கள். கரண்ட் எப்படியும் போகும். எல்இடி புரொஜெக்டர், ஸ்பீக்கர், இரண்டு ஃபேன் எல்லாம் சேர்ந்து முந்நூறு வாட்ஸுக்குள் அடங்கும்; 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஒரு படத்தைத் தாண்டிவிடும். வீடியோ நிற்காமல் இருப்பதற்காகப் படத்தைப் பென்டிரைவிலோ மடிக்கணினியிலோ முன்பே வைத்துக்கொள்ளுங்கள். மழையில் முதலில் போவது வைஃபைதான்.

பூச்சியைப் பற்றி யாரும் சொல்லித்தரமாட்டார்கள். முற்றம் திறந்த வீடு, சுற்றிலும் நெல் வயல், மழை விட்ட இரவு, நடுவில் ஒரே ஒரு பிரகாசமான லென்ஸ். ஈசல் வந்தது பாருங்கள், வயலிலிருந்து சின்னச் சின்னப் பச்சைப் பூச்சிகளும் சேர்ந்துகொண்டன. லென்ஸுக்கு முன்னால் ஓர் ஈசல் பறந்தால் திரையில் அது கழுகு. கதாநாயகி மெழுகுவர்த்தியோடு படியிறங்கும்போது அவள் முகத்தின் மேல் ஆறு கால் ஊர்ந்தது. அலறல் இயக்குநருக்குக் கிடைத்ததா பூச்சிக்குக் கிடைத்ததா என்று இன்றுவரை தகராறு. தீர்வு வயலில் செய்வதேதான்: கொல்லைக் கோடியில் நூறு வாட்ஸ் பல்பு ஒன்றை எரியவிட்டு, அடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். முக்கால்வாசிப் பூச்சி அங்கே போய்விடும்.

சத்தம் பெரிதாக வேண்டாம். பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் ஒரே சுவராக இருக்கலாம். ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே வைத்து, ப்ளூடூத் இல்லாமல் வயரில் இணையுங்கள். ப்ளூடூத்தில் கதவு மூடிய பிறகு கதவுச் சத்தம் வரும். மழை ஓட்டில் விழுந்தால் வசனம் கேட்காது. அந்த மாதிரி இரவுக்கு ஊமைப்படத்தைத் தயாராக வைத்திருங்கள், எப்படியும் அதுதான் என் முதல் சிபாரிசு.

1922-இல் ஜெர்மனியில் முர்னோ எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'. 1897-இல் வந்த 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டார்கள். எழுத்தாளரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கும்படி நீதிமன்றமே சொன்னது. அழிக்காமல் விட்டுப்போன பிரதிகளால்தான் படம் பிழைத்தது. இணையத்தில் பல பிரதிகள் கிடைக்கும், ஆனால் வெறும் கறுப்பு வெள்ளையாக இருப்பதைத் தவிருங்கள். அந்தக் காலத்தில் இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றி இரவாக்கினார்கள். சாயம் இல்லாத பிரதியில் காட்டேரி சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டப்பகலில் நடப்பான், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். செப்பனிட்டுச் சாயம் ஏற்றிய பிரதியாகப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம். நிழல் மட்டும் மாடிப்படி ஏறிப்போகும் காட்சி இதில்தான் இருக்கிறது: கூன் முதுகு, நீண்ட விரல்கள், கதவை நோக்கி நீளும் கை. வேட்டித் திரையில் அதைப் பார்த்தால் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

நடுவில் வசனம் எழுதிய அட்டைகள் திரையில் வரும். அவற்றை ஒருவர் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, ஊமைப்படக் காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருந்தார். 1905-இல் திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிய காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான வேலை. உங்கள் கூட்டத்தில் குரல் நன்றாக இருக்கும் சித்தப்பாவிடம் ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் மாமா ஒருவர் அட்டையில் இல்லாததையும் சேர்த்துச் சொல்வார், நாங்கள் தடுப்பதில்லை. இசைக்குத் தம்புரா செயலியைப் போட்டு, சுருதியை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, தொடர்ந்து ஓடவிடுங்கள். அது போதும்.

ஊமைப்படம் தாங்காது என்றால் 2001-இல் வந்த 'தி அதர்ஸ்'. ஒரு தீவு வீடு, வெளிச்சம் பட்டால் உடம்புக்கு ஆகாத இரண்டு குழந்தைகள், ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்த கதவைத் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்ட அம்மா. ரத்தம் கிடையாது. முடிவு தெரிந்தவர்களை ஓரமாக உட்காரவைத்து வாயைக் கட்டுங்கள்.

தமிழிலும் மலையாளத்திலும் ஒரு நல்ல ஜோடி உண்டு. 1963-இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை': பாழடைந்த ஜமீன் வீடு, முன்ஜென்ம ஞாபகம், சாகாமல் காத்திருக்கும் கிழ ஜமீன்தார். அதற்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட் அடுத்த வருஷமே மலையாளத்தில் எழுத்தாளர் பஷீரின் கதையை 'பார்கவி நிலையம்' என்று இயக்கினார். பேய் இருக்கும் வீட்டுக்கு ஓர் எழுத்தாளர் குடிவந்து, பேயோடு பேசியே பழகிவிடுவார். அடுத்தடுத்துப் போட்டால் ஒரே ஆளின் கண் இரண்டு வீடுகளை எப்படிப் பார்த்தது என்று தெரியும்.

வயசானவர்களும் பொடிசுகளும் கலந்த கூட்டமாக இருந்தால் 1993-இல் பாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்'. சிரிப்பும் உண்டு, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நமக்கு அதில் தனிப் பாத்தியதை இருக்கிறது. அந்தக் கேரளத்துப் பரம்பரைத் தரவாட்டு வீட்டில் பூட்டிவைக்கப்பட்ட நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுபோகப்பட்ட நாட்டியக்காரி. கோபம் வந்தால் தமிழில் பேசுவாள். அதே கதை 2005-இல் தமிழில் 'சந்திரமுகி' ஆனபோது அவள் ஆந்திராக்காரியாகித் தெலுங்கு பேசினாள். பேய் எப்போதும் பக்கத்து ஊர்க்காரிதான். தஞ்சாவூர்க்காரர்கள் நிறைந்த கூடத்தில் மலையாளப் படத்தைப் போட்டு, அவள் தமிழில் அதட்டும் இடத்தில் சுற்றிலும் முகங்களைப் பாருங்கள். சொந்தக்காரப் பெண்ணை வேற்றூர்ப் பூட்டிய அறையில் கண்டுபிடித்த மாதிரி இருக்கும்.

படத்துக்கு முன்னால் கால்மணி நேரம் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கதை சொல்லவிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே மணிமேகலையிலிருந்து சொல்லலாம், இடமும் மாயவரம் தாண்டினால் வந்துவிடும். பூம்புகார்ச் சுடுகாட்டு வழியே சார்ங்கலன் என்ற பையன் தனியாக வருகிறான். பேய்மகள் ஒருத்தி பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுகிறாள். ஓடிவந்து அம்மா கோதமையிடம் சொல்லிவிட்டுச் செத்து விழுகிறான். கண் தெரியாத அந்தத் தாய் பிணத்தைச் சுமந்துபோய்ச் சம்பாபதித் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். பேய் உயிரைத் தின்பதில்லை, அவனுடைய கலக்கத்தைப் பற்றிக்கொண்டு ஊழ்வினைதான் தின்றது என்கிறது தெய்வம். இதைச் சொல்லிவிட்டு உடனே விளக்கை அணைத்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரே விதி: படம் ஓடும்போது கடிக்கிற பண்டம் கூடாது. பன்னிரண்டு பேர் முறுக்கு கடிக்கும் வீட்டில் எந்தப் பேயும் நடந்துவருவது கேட்காது. அவித்த வேர்க்கடலையை உரித்துக் கொடுங்கள். இடைவேளையில் இட்லியும், பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கும்பகோணம் கடப்பாவும், அப்புறம் முறுக்கு, டிகிரி காபி. டவராக்களை இடைவேளை முடிந்ததும் வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள், இருட்டில் யாராவது காலால் தட்டிவிட்டால் உச்சக்கட்டம் போச்சு. பயத்துக்கு ஏற்ற இனிப்பு என்றால் கறுப்புக் கவுனி அரிசி. முதல்நாள் இரவே ஊறப்போட்டால் தண்ணீர் கருஞ்சிவப்பாகிவிடும். அந்தத் தண்ணீரோடேயே குழைய வேகவைத்து, வெல்லமும் தேங்காய்ப்பாலும் விட்டு, லாந்தர் வெளிச்சத்தில் கிண்ணத்தில் வைத்தால் வேறெதுவும் சொல்லத் தேவையில்லை. செஞ்சிவப்பில் இன்னொன்று வேண்டுமென்றால் திருவையாற்று அசோகா அல்வா. அதோடு சின்னக் குவளைகளில் கேழ்வரகுக் கூழ் கொடுத்து, இது பரணிக் கூழ் என்று சொல்லுங்கள். கலிங்கத்துப்பரணியில் ஜெயங்கொண்டார் போர்க்களத்துப் பேய்களை வைத்துக் கூழ் காய்ச்சவைப்பார். எதில் காய்ச்சின என்பதைக் குடித்து முடித்த பிறகு சொல்லலாம்.

உடைக்கு எல்லாரையும் கறுப்பு உடுத்தச் சொல்லி அனுப்பாதீர்கள், பாதிப்பேர் வரமாட்டார்கள். அரக்கு, கருநீலம், மயில்கழுத்து நிறத்தில் பெட்டிக்குள் கிடக்கும் பழைய புடவை, பழைய அங்கவஸ்திரம் என்று சொல்லுங்கள். நாப்தலின் வாசனையோடு வந்தால் இன்னும் நல்லது.

ஒன்று மறக்கக்கூடாது. பழைய வீடென்றால் கழிவறை கொல்லையில் இருக்கும், கிணற்றடி தாண்டிப் போகவேண்டும். படம் முடிந்த பிறகு ஒருவரும் தனியாகப் போகமாட்டார்கள், பெரிய மீசை வைத்தவர்களும்தான். ஆகவே படத்துக்கு முன்னும் இடைவேளையிலும் நாலு நாலு பேராக அனுப்புங்கள். அந்தப் பாதையில் மட்டும் இருட்டு விளையாட்டு வேண்டாம். மழைக்காலத்தில் தவளையைத் தேடிப் பாம்பு வரும். நல்ல டார்ச்சும் கைத்தடியும் வாசலில் இருக்கட்டும். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கூடத்திலேயே பாய் விரித்துவிடுங்கள், யாரும் தனி அறை கேட்கமாட்டார்கள்.

அப்புறம் வேட்டி. ஐப்பசியில் கஞ்சி போட்டால் காயாது, புளித்த வாடை வந்துவிடும். புரட்டாசி வெயில் இருக்கும்போதே கஞ்சி போட்டுக் காயவைத்து, மடிக்காமல் மூங்கிலில் சுருட்டிப் பரண்மேல் போட்டு வையுங்கள். எலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.